கண்ணாடி கழுவிய மறுநாள்

பதினோரு இரவு ஒரே சுருள் அண்டத்தை வெறித்திருந்தோம்,
கொகிம்போ மலைகளில், ஓகஸ்ட் குளிரில்.
பக்கவாட்டில் திரும்பிப் படுத்த சுருள் அது.
எங்களுக்குக் காட்டியது விளிம்பை மட்டும்,
உறையிலிருந்து பாதி உருவிய கத்திபோல.
கத்தியைச் சுற்றி ஒரு மங்கல்,
மேலும் கீழும், மூச்சுப் பட்ட இடம்போல.
ஒளிவட்டம் என்று எழுதிவிட்டேன்.
கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்தாயிற்று.

எலெயுதேரியோ குதுருஃபோ படத்தைப் பார்த்தான்.
கண்ணாடிக் கூடத்துப் பணியாள், இருபத்தாறு வயது,
ஞாயிறு ஆட்டத்துக்காக முறை மாற்றிக்கொள்பவன்.
"மூலையில் இருக்கும் இந்த ஒற்றை விண்மீனுக்கும்
இதே மங்கல் இருக்கிறதே, தொக்தோரா,
அதற்கும் ஒளிவட்டமா?"
பதில் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன்.
இருந்தது.

மழை பொய்த்த ஆண்டு.
அடிவாரத்து மண்சாலையில் தீவனம் தேடி
ஆட்டுமந்தைகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன.
அத்தனை குளம்புகளும் கிளப்பியது
திறந்த கூரைவழியே இறங்கி
நாலு மீட்டர் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தது,
சொல்லாமல் கொள்ளாமல்.

பகலில் கரியமில வாயுவின் பனியைத் தூவினான்.
பிறகு சோப்பு நீர். பிறகு வெறும் நீர்.
பச்சைக் குழந்தைக்கு ஊற்றுவதுபோல் என்று
எழுத ஆசை. அப்படியில்லை.
லாரி கழுவுகிறவன்போல் விசிலடித்தபடி.

அன்றிரவு மங்கலில் பாதிக்கு மேல் காணோம்.
என் ஒளிவட்டத்தில் பாதி
ஆட்டுப் பாதை.

மீதி நிஜம்.
அதைத்தான் விடியும்வரை எண்ணினேன்:
கிழட்டுச் சிவப்பு விண்மீன்கள்,
ஆயிரம் கோடி ஆண்டைத் தொட்டவை,
உலகில் இரும்பு அரிதாயிருந்தபோது பிறந்தவை.
பலவற்றுக்கு அந்தச் சுருள் பிறந்த வீடும் அல்ல.
அது விழுங்கிய சின்ன அண்டங்களின் மிச்சம்.
ஒன்று இன்னும் செரிக்காமல்
தட்டுக்கு வெளியே நூலாய்த் தொங்குகிறது.
எல்லாம் சேர்த்தும் சுருளின் ஒளியில்
நூற்றில் ஒரு பங்கு தேறவில்லை.
இடையே வாயு இருந்தாக வேண்டும்,
எங்கள் கருவிக்குப் படாத வாயு.
பத்து லட்சம் பாகைச் சூடு, ஆனால் சுடாது:
ஒரு குடம் கொள்ளும் இடத்துக்கு ஓர் அணு.

"கூட்டினால் சரியாக வருகிறதா?"

வரவில்லை.
ஓரத்து வாயு சுழலும் வேகத்துக்கு
இந்த எடை போதாது.
எப்போதோ பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.
போகவில்லை. ஏதோ பிடித்திருக்கிறது.
அதற்கு நிறமில்லை, சூடில்லை,
வெளிச்சத்தை மறைக்கிற நாகரிகம்கூட இல்லை.
நம் பால்வெளியைச் சுற்றியும் அதுதான்.
இந்தத் தேநீர்க் கோப்பைக்குள்ளும்
இப்போது போய்க்கொண்டிருக்கலாம் என்றேன்.
அவன் கோப்பையைப் பார்த்தான். குடித்தான்.

அந்தகோயோச் சுரங்கத்து எடைமேடையில்
ஒரு வருடம் வேலை பார்த்தானாம்.
காலி என்று சீட்டு நீட்டிய ஒரு லாரி
ஏறி நின்றதும் முள் சுற்றிக்கொண்டு போனது.
இறக்கி ஏற்றினார்கள். அதே எடை.
தார்ப்பாயைத் தூக்கினால் வெறும் தகரம்.
"என்ன எழுதினாய்?"
"முள் காட்டியதை.
சரக்கின் பெயருக்கு ஒரு கோடு."
"லாரியில் என்ன இருந்தது?"
"தெரியாது. அந்த வாரமே இங்கே வேலை கிடைத்துவிட்டது."

தலைப்பை அடித்தேன்.
அட்டவணையில் தூசிக்கு ஒரு வரி,
விண்மீனுக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று.
கடைசி வரியில் எண் மட்டும்,
மற்ற எல்லாவற்றையும் விழுங்கும் எண்.
பெயர்க் கட்டத்தில் கோடு.
கோட்டை விட்டுவிடுவார்கள், பழகியதுதான்.
தூசியை எடுக்கச் சொல்வார்கள்.

விடிந்து இறங்கினோம்.
எலெயுதேரியோ தூங்கிவிட்டான், வாய் திறந்து.
வளைவில் பின்பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன்:
எங்கள் வண்டி கிளப்பிய புழுதி
எங்களைத் தொடராமல்
மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது.